கணிச்சம் பிடித்த நாள்

அன்பு மருமகனுக்கு,

புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் மனசு ஓடிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். போன மாதம் விழிஞ்ஞத்துக்கு வெளியே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் நீ ஒரு தடவைகூட மணி கேட்கவில்லையே! நிற்கத் தெரிந்த மனசுதான் உன்னுடையது.

அன்று கடலடிப் பாறையை நீயே கணிச்சம் வைத்து, அதாவது கரை அடையாளங்களை ஒன்றோடொன்று கோடாக்கி, தேடினாய். கலங்கரை விளக்கத்தின் பின்னால் ஒரு மலைமுகடு. இன்னொரு பக்கம் கோயில் கோபுரத்தின் பின்னால் ஒரு தென்னை. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல். முதலில் ஈயக்குண்டு மணலில் புதைந்தது. நீரோட்டம் வள்ளத்தைத் தள்ளியது. மறுபடி கரையைப் பார்த்தாய். மூன்றாம் தடவை குண்டு கல்லில் தட்டியதை உன் விரல் தூண்டில் நரம்பிலேயே உணர்ந்தது. உன் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் இப்படி மூழ்கிப்போகும் நிலைக்கு நீரோட்டத்தின் பெயரையே வைத்தார். நேரமும் தன் நினைப்பும் மறந்து, வேலையே நம்மை இழுத்துக்கொண்டு போகும் நிலை. அமெரிக்கப் பதின்வயதினரைப் பற்றி 1997இல் அவர் எழுதிய கணக்கைக் கேள்: டிவி பார்க்கும் நேரத்தில் 13 சதவீதம்தான் அந்த நிலை, தாங்களே ஈடுபட்டுச் செய்யும் பொழுதுபோக்குகளில் 34, விளையாட்டில் 44. ஆனாலும் ஓய்வு நேரத்தில் அவற்றைவிட டிவிக்குத்தான் குறைந்தது நான்கு மடங்கு நேரம் கொடுத்தார்கள். அவற்றுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், டிவிக்கு வேண்டாம். உன் போனும் அப்படித்தான்.

கடலில் உனக்குக் குறி தெளிவாக இருந்தது. தப்பினால் குண்டு உடனே சொல்லிவிட்டது. வேலையும் உன் கைக்குச் சற்றே மீறியதாக இருந்தது. கணக்குப் புத்தகத்தில் இவை தானாக வராது, நீதான் ஏற்படுத்த வேண்டும். இருபது கணக்கையும் போட்டு முடித்துவிட்டு விடையைப் பார்க்காதே. ஒன்று போட்டதும் பார். எளிதாக வந்தால் கடினமானதற்குப் போ. திணறினால் ஒரு படி இறங்கு. முதல் கால்மணி நேரம் சலிப்பாகத்தான் இருக்கும், எழுந்துவிடாதே. போன் அடுக்களையில் கிடக்கட்டும்.

ஏழரையிலிருந்து எட்டரை வரை உன்னைக் கடைக்கு அனுப்பக் கூடாது என்று உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பிள்ளை ஆழ்ந்திருக்கும்போது கூப்பிட்டுக் கலைப்பது நம் வீடுகளில் பெரியவர்கள் செய்யும் தப்பு.

ஓணம் கழிந்து வருகிறேன். ஜி.பி.எஸ்ஸை அணைத்து வைப்போம். கணிச்சம் நீயே பிடி.

உன் மாமா,
குளச்சல்