பச்சிளங் குழந்தையைக் காப்போம்

பிறந்து 28 நாள் நிறையாத குழந்தை நோயுற்றால் நாம் காலந் தாழ்த்தலாகாது. பால் குடியாமை, வலிப்பு, நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கையில் மார்பு உட்குழிதல், உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், தொட்டு எழுப்பினாலன்றி அசையாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அபாயமே. மந்திரிப்பதிலும் கைமருந்திலும் ஒரு பொழுதைக் கழித்தால் உயிரையே இழக்க நேரிடும்.

உடனே 108 வண்டியை அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். சிறு உடல் வழியிலேயே வெப்பத்தை இழந்துவிடும். ஆகவே ஈரந் துடைத்து, தலைக்குக் குல்லாய் அணிவித்து, தாயின் வெற்று மார்போடு அணைத்துப் போர்த்தவேண்டும். விழுங்க இயலுமாயின் தாய்ப்பால் மட்டுமே தரலாம். வலிப்போ மயக்கமோ இருப்பின் வாயில் எதுவும் புகட்டலாகாது.

நள்ளிரவிலும் வண்டி வாசல் வரை வருமாறு தெருவைத் தடையின்றி வைத்திருப்பது ஊராட்சியினராகிய நம் கடமையாகும்.