சிரிக்காத முகமும் சிரிக்கும் உள்ளமும்



"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வகுப்பறைக் கரும்பலகையின் மூலையிலும் அது அழகாக எழுதப்பட்டிருக்கிறது. அது எப்போதும் உண்மைதானா என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு நாங்கள் செய்த ஒரு தவறுதான் எங்களை எண்ண வைத்தது. அத்தவறின் வழியாகக் கற்ற பாடமே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்புச் சிறுமியருக்கு வரவேற்பு நடனம் கற்றுத் தரும் பொறுப்பு எங்களுக்குக் கிடைத்தது. அவர்களுள் ஒருத்தி காலடி தவறாமல் ஆடினாள். ஆனால் அவள் முகம் மட்டும் மாறவே இல்லை. "சிரி, சிரி" என்று பல முறை சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவளைப் பார்க்க வேண்டுமானால் கண்ணைத் திருப்பாமல் தலையையே திருப்பினாள். "எவ்வளவு விறைப்பு பார்!" என்று எங்களுள் ஒருத்தி சொல்ல, நாங்கள் அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டோம்.

மறுநாள் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். அவர் கோபப்படவில்லை. "பிள்ளைகளா, இவளுக்குப் பிறவியிலேயே முகத்து நரம்பு வேலை செய்யாது. இவ சிரிக்காம இல்ல. சிரிக்கத்தான் செய்றா. உங்களுக்குத்தான் தெரியல" என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் எங்கள் சிஸ்டர், "மன்னிப்புக் கேட்டது போதாது. அவளுக்கு என்ன என்பதைப் படித்து வந்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்" என்றார். அவ்வாறு நூலகத்திலும், அறிவியல் ஆசிரியையிடமும், தோழி ஒருத்தியின் மருத்துவத் தந்தையிடமும் கேட்டறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முக நரம்பு என்பது யாது?

மூளையிலிருந்து 12 இணை நரம்புகள் புறப்படுகின்றன என்று நம் பாடநூலில் படிக்கிறோம். அவற்றுள் ஏழாவது இணையே முக நரம்பு. வலப்பக்கத்திற்கு ஒன்று, இடப்பக்கத்திற்கு ஒன்று. இந்நரம்பு காதின் அருகே எலும்புக்குள் உள்ள ஒரு குறுகிய குழாய் வழியாக வந்து, காதுக்குக் கீழே வெளிப்படுகிறது. பொன்னுக்கு வீங்கி வரும்போது வீங்குகிறதே, அந்த உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடே சென்று ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றியைச் சுருக்குவதும், கண்ணை மூடுவதும், கன்னத்தை உப்புவதும், உதட்டைக் குவிப்பதும், புன்னகை செய்வதும் இந்நரம்பின் வேலைகளே. நாக்கின் முன்பகுதியின் சுவையும் இதன் வழியாகவே மூளைக்குச் செல்கிறது.

நம் ஊர் உதாரணம் ஒன்று கூறுவோம். வைகையில் பேரணை என்னும் இடத்திலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்து மேலூர் வரை செல்கிறது. வழியில் எத்தனையோ கிளை வாய்க்கால்கள். பேரணையில் மதகை அடைத்துவிட்டால் மேலூர் வயல் காய்ந்து போகும். அது வயலின் குற்றமா? அல்லவே! முகத்தசைகள் வயல் போன்றவை. நரம்பு கால்வாய் போன்றது. கட்டளை வந்து சேராவிட்டால் தசை என்ன செய்யும்?

முகத்தின் அசைவுக்கு ஒரு நரம்பும் உணர்வுக்கு வேறொரு நரம்பும் உண்டு என்பதை 1821 ஆம் ஆண்டில் விளக்கியவர் சர் சார்லஸ் பெல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். ஆகவேதான் திடீரென்று முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் நோய்க்கு "பெல் வாதம்" என்று அவர் பெயரே வழங்குகிறது.

திடீரென வரும் முகவாதம்

நம் கிராமங்களில், "பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தான், காற்று அடித்து வாய் கோணிப் போயிற்று" என்பார்கள். அது பெரும்பாலும் பெல் வாதமே. எலும்புக் குழாய்க்குள் இருக்கும் நரம்பு வீங்கி நெருக்குண்டு போவதே இதற்குக் காரணம். பலருக்கு உடலில் உறங்கிக் கிடக்கும் ஒருவகை வைரஸ் விழித்தெழுவதே அவ்வீக்கத்தைத் தூண்டுகிறது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், மருந்தே இல்லாவிட்டாலும் பத்தில் ஏழு பேருக்கு இது முழுவதும் குணமாகிவிடுகிறது. வேப்பிலை அடித்தவரும், மந்திரித்தவரும் பெயர் வாங்குவது இதனால்தான்! ஆனால் மற்ற மூவரின் நிலை என்ன? ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 500 நோயாளிகளிடம் நடத்தி 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோய் தொடங்கிய 72 மணி நேரத்திற்குள் பிரெட்னிசொலோன் மாத்திரை தொடங்கியவர்களில் 100 க்கு 94 பேர் ஒன்பது மாதங்களில் முழுக் குணம் பெற்றனர். அம்மாத்திரை பெறாதவர்களில் 82 பேரே அவ்வாறு குணமடைந்தனர். ஆகவே முதல் மூன்று நாட்கள் பொன்னான நாட்கள். அவற்றை மந்திரிப்பதில் கழித்துவிடலாகாது. மாத்திரையையும் மருத்துவரே தர வேண்டும். நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். வாய் கோணலோடு கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காதில் நாள்பட்டுச் சீழ் வடிந்தாலும், அந்நோய் பரவி முக நரம்பைத் தாக்கக் கூடும். "காதில் சீழ்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பிறவியிலேயே வரும் முடக்கம்

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே முகம் அசையாது. பிரசவ நேரத்தில் ஆயுதம் போட்டு எடுக்கையில் நரம்பு நசுங்கியிருந்தால், அது பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நம் சிறுமிக்கு இருப்பது வேறு. கருவில் ஆறாவது, ஏழாவது மூளை நரம்புகள் சரிவர வளராததால் வருவது. ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது. எனவேதான் அவள் பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்பினாள். நாங்கள் அதை விறைப்பு என்றோம்!

1888 ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் பால் யூலியஸ் மோபியஸ். எனவே இதற்கு "மோபியஸ் நோய்க்குறி" என்று பெயர். கணக்கில் "மோபியஸ் பட்டை" பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனைக் கண்ட கணித மேதை இவருடைய பாட்டனார்.

இது மிக அரியது. தொற்று நோய் அன்று; பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் அன்று. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் வளரும் மூளையின் அடிப்பகுதிக்கு இரத்தம் சரிவரச் செல்லாமை ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிலருக்கு மரபணு மாற்றம் காரணம் என்று 2015 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அச்சிறுமியின் தாயாரிடம், "கிரகணத்தன்று நீ வெளியே போயிருப்பாய்" என்று ஊரார் சொல்லிச் சொல்லி அவரும் பல வருடம் தம்மையே நொந்துகொண்டாராம். கிரகணத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தாயின் மீது பழி இல்லை என்பதை நாங்கள் அழுத்தமாக எழுத விரும்புகிறோம்.

இக்குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் பால் உறிஞ்ச முடியாது. அத்தாயார் பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊட்டி வளர்த்தார். உதடுகள் மூடாததால் பேச்சும் கடினம். ப, ம என்னும் எழுத்துகள் இரு உதடும் பொருந்தப் பிறப்பவை என்று இலக்கண வகுப்பில் படித்தோமல்லவா? அப்படியானால் ஒரு குழந்தை முதன்முதல் சொல்லும் "அம்மா", "அப்பா" என்னும் சொற்களே இவர்களுக்கு எட்டாதவை! நம் சிறுமி நாக்கின் நுனியை மேல்பல்லில் வைத்து "அன்னா" என்றுதான் நெடுநாள் அழைத்தாளாம். பயிற்சியினால் இப்போது மற்றவர்க்குப் புரியுமளவு பேசுகிறாள். இவ்வளவு பாடுபட்டுப் பேசக் கற்றவளைத்தான் நாங்கள் கடைசி வரிசையில் நிறுத்தினோம்.

வேலூர் தந்த வழி

இனி, கண்ணைப் பற்றிக் கூற வேண்டும். முக நரம்பு கெட்டால் இமை மூடாது. இமை மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம். நம் தமிழ்நாட்டில் இதனால் பெரிதும் துன்புற்றவர்கள் தொழுநோயாளிகள். தொழுநோய்க் கிருமி முக நரம்பின் கிளைகளைத் தாக்குவதால் அவர்களுடைய இமைகள் செயலிழந்தன.

1914 ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் மடங்கிப்போன விரல்களில், நல்ல தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி மீண்டும் இயங்கச் செய்தார். அவருடைய துணைவியார் டாக்டர் மார்கரெட் பிராண்ட், தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பதில் ஈடுபட்டார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 ஆம் ஆண்டில் இதற்கென ஆராய்ச்சி மருத்துவமனையும் எழுந்தது.

இமைக்கும் இதே முறை உண்டு. நெற்றிப்பொட்டில் உள்ள தசை மெல்லுவதற்கு உதவுவது. அதனை இயக்குவது ஐந்தாவது நரம்பு; அது கெடவில்லை. அத்தசையின் ஒரு பகுதியைத் திருப்பி, இமைகளின் வழியே இழுத்து மூக்கோரம் கட்டிவிடுகின்றனர். பிறகு நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும்! இடைவிடாது பயிற்சி செய்து, நினைவோடு பல்லைக் கடித்துக் கண்ணைக் காத்துக்கொள்வார்கள்.

மோபியஸ் குழந்தைகளுக்கும் இதே போல ஒரு வழி இருக்கிறது. தொடையிலிருந்து ஒரு சிறு தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, மெல்லும் தசைக்குச் செல்லும் நரம்போடு இணைக்கின்றனர். பல்லைக் கடித்தால் வாயோரம் உயரும். அதாவது புன்னகை பிறக்கும். நாளடைவில் சிலர் கடிக்காமலே சிரிக்கப் பழகிவிடுகின்றனர். எல்லாருக்கும் இது வேண்டும் என்பதில்லை. ஆனால் கண்ணைக் காப்பது எல்லாருக்கும் வேண்டும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, மருத்துவர் சொன்னால் இமைமேல் ஒட்டு. நம் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்க நமக்கென்ன குறை? வாதநோயால் விரல்கள் கோணிப் போன அப்பெரியவர், அவ்விரல்களாலேயே ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் சிகிச்சைகள் செய்தவர். கோணிய விரலைப் பார்த்து, "இவரால் என்ன ஆகும்?" என்று எண்ணியிருந்தால் எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும்!

முகம் கோணியவரின் திறமையை அளந்து ஏமாந்தவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. கனடா நாட்டின் ழான் கிரேத்தியனுக்குச் சிறுவயதில் முகத்தின் இடப்பக்கம் செயலிழந்தது. 1993 தேர்தலில் எதிர்க்கட்சியினர் அவர் முகத்தைக் காட்டித் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தனர். மக்கள் வெகுண்டனர்; விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. ஆட்சியிலிருந்த அக்கட்சிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. கிரேத்தியன் பிரதமராகி 2003 வரை ஆண்டார்.

நாம் செய்ய வேண்டியது

அமெரிக்க உளவியல் அறிஞர் கேத்லீன் போகார்ட் அவர்களுக்கே மோபியஸ் நோய்க்குறி உண்டு. முகம் அசையாதவரைப் பார்ப்போர், "இவர் மகிழ்ச்சியற்றவர்" என்று தவறாக முடிவு செய்கின்றனர் என்று அவருடைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் அவர்கள் தங்கள் குரலாலும், கையசைவாலும், சொற்களாலும் மகிழ்ச்சியை வெளியிடுகின்றனர். அவற்றைக் கவனிப்பவர்க்கு உண்மை விளங்கும்.

எனவே தோழியரே, முகம் அசையாதவரோடு பேசும்போது குரலைக் கேளுங்கள், கையைப் பாருங்கள். புரியாவிட்டால் புரிந்தது போல் தலையாட்டாமல், மறுபடி சொல்லச் சொல்லுங்கள். வெறித்துப் பார்க்காதீர்கள், பார்க்காதது போல் விலகவும் செய்யாதீர்கள்.

இவ்வாண்டும் அச்சிறுமியின் வகுப்புக்கு நடனம் கற்றுத் தந்தோம். அவள் சிரிக்கும்போது தோள்கள் குலுங்கும், குரல் கீச்சென்று உயரும் என்று அவள் தாயார் எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஒத்திகையில் எங்களுள் ஒருத்தி தாவணி தடுக்கி விழப்போனாள். முதல் வரிசையில் இரு சிறு தோள்கள் குலுங்கின. இம்முறை எங்களுக்குத் தெரிந்தது.

கரும்பலகை மூலையில் இருந்த பழமொழியை நாங்கள் அழிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறோம்: "முகத்தில் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்."

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு