எடிட்டர் அமைப்புகளுக்கு ஒரே கோப்பு

ரிச்சி தெருவில் புது எஸ்எஸ்டி மாட்டிக்கொண்டு அடையாறு திரும்புகிறவருக்குப் பெரிய வேலை அதன் பிறகுதான்: நியோவிம் எடிட்டரில் வரி எண், டேப் அகலம், வண்ணம் என எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும்.

நிக்ஸ்ஓஎஸ் லினக்ஸில் அந்தத் தொல்லை குறைவு. எந்த எடிட்டர், எந்தெந்த பிளக்இன், என்ன அமைப்பு என்று ‘கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்’ கோப்பில் எழுதி, ‘நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்’ கட்டளை கொடுத்தால் கணினி அப்படியே அமைந்துவிடும். 1999 சென்னை மாநாட்டில் உருவெடுத்த தமிழ்99 விசைப்பலகைக்கு வேண்டிய ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் அதிலேயே சேர்க்கலாம். தமிழில் எழுதுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மாற்றம் சொதப்பினால் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கோப்பின் பிரதியை ‘கிட்’ (Git) களஞ்சியத்தில் ஏற்றி வேறொரு இடத்திலும் வைப்பது நல்லது. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவே கூடாது: அதில் எழுதுவது நிக்ஸின் சேமிப்பகமான ‘நிக்ஸ் ஸ்டோரில்’ சேரலாம்; அங்கே இருப்பதை அந்தக் கணினியின் எல்லாப் பயனர்களாலும் படிக்க முடியும்.