‘ஃபார்வர்ட்’னா முன்னாடியா, பின்னாடியா? உங்க பணத்தைத் தீர்மானிக்கும் சின்னச் சின்ன இங்கிலீஷ் சொற்கள்



ஆலங்காயத்துல என்கிட்ட வருமான வரி ரிட்டர்ன் போட வர்றவங்கள்ல நிறைய பேர் ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனி ஆபீஸ்லயோ, சென்னை, பெங்களூரு ஐ.டி. கம்பெனியிலயோ வேலை பார்க்கிறவங்க. பள்ளிக்கூடம் வரைக்கும் தமிழ் மீடியம். கணக்குல கெட்டி. ஆனா ஹெச்.ஆர். மெயில், பேங்க் மெசேஜ், வரித்துறை அறிவிப்பு வந்தா ஒரு இடத்துல மட்டும் தடுமாறுவாங்க: வினையும் தேதியும் சேர்ற இடம். அங்கதான் பணம் கை நழுவுது. இன்னைக்குப் பாடம் அதுதான்.

1. ‘தள்ளு’ வேற, ‘தள்ளிப்போடு’ வேற

தமிழ்ல ‘தள்ளு’ன்னா கையால தள்றது. ‘தள்ளிப்போடு’ன்னா தேதியை மாத்துறது. இங்கிலீஷ்லயும் இதே கதைதான். ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘பே’ என்றால் கட்டு. ‘பே ஆஃப்’ என்றால் பாக்கி இல்லாம கட்டி முடி. இப்படி வினையோட ஒரு குட்டிச் சொல் சேர்ந்து புது அர்த்தம் தர்றதுக்குப் பேர் ‘ஃப்ரேசல் வெர்ப்’. இதுக்குப் பின்னாடி வர்ற காலச் சொல் எது என்பதுதான் கெடுவை முடிவு பண்ணும்.

2. ‘க்குள்’ளா, ‘வரைக்கு’மா?

இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. அந்த வேலை ஒரே தடவையில முடியுதா, இல்ல நீண்டுக்கிட்டே இருக்கான்னு பாருங்க.

ஒரே தடவையில முடியும் வேலைன்னா தமிழ்ல ‘க்குள்’, இங்கிலீஷ்ல ‘பை’. ‘ஹேண்ட் இன் யுவர் ப்ரூஃப்ஸ் பை ஜனவரி 15’ என்றால் ஜனவரி 15-க்குள் கொடுத்துடணும். 15-ம் தேதியும் சேர்த்திதான். அதுவே ‘பிஃபோர் ஜனவரி 15’னு இருந்தா கடைசி நாள் 14.

நீண்டுக்கிட்டே இருக்கும் நிலைன்னா ‘வரைக்கும்’, அதாவது ‘டில்’. எத்தனை காலம்னு சொல்ல ‘ஃபார்’. வரி சேமிக்கும் இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் போட்ட பணம் ‘லாக்ட் இன் ஃபார் 3 இயர்ஸ்’. இந்த 3 வருஷம் எப்போதிலிருந்துன்னும் பார்க்கணும். எஸ்.ஐ.பி. போடறீங்கன்னா ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியா 3 வருஷம். 2025 ஏப்ரல் தவணை 2028 ஏப்ரல்ல விடுபடும். 2026 மார்ச் தவணைக்கு 2029 மார்ச் வரைக்கும் காத்திருக்கணும்.

நம்ம ஆளுங்க அடிக்கடி எழுதுறது: ‘ஐ வில் ஹேண்ட் இன் த ப்ரூஃப்ஸ் டில் ஃப்ரைடே’. ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுத்துக்கிட்டே இருப்பேன்’ங்கிற மாதிரி ஆயிடும்! அங்க ‘பை ஃப்ரைடே’தான் சரி.

3. ஒரு ‘பை’க்கு ரெண்டு வேலை

‘பை’க்குப் பின்னாடி தேதி வந்தா அது கெடு. அளவு வந்தா எவ்வளவு நகர்ந்ததுன்னு அர்த்தம்.

‘எக்ஸ்டெண்டட் பை 15 டேஸ்’ என்றால் பழைய கெடுவோட 15 நாள் கூட்டிக்கணும். ‘எக்ஸ்டெண்டட் டு த 15த்’ என்றால் 15-ம் தேதியே புதுக் கெடு. பழைய கெடு 10-ம் தேதின்னு வெச்சுக்கோங்க. முதல் வாக்கியப்படி 25 வரை டைம் இருக்கு. ரெண்டாவதுபடி 15-ஓட முடிஞ்சுது. பத்து நாள் வித்தியாசம்!

நிஜ உதாரணம்: 2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் கெடு, தணிக்கை தேவைப்படாதவங்களுக்கு, 2025 ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போச்சு. கடைசியில இன்னும் ஒரு நாள் தள்ளி செப்டம்பர் 16 ஆச்சு. முதல்ல நடந்தது ‘டு செப்டம்பர் 15’. அப்புறம் நடந்தது ‘பை ஒன் டே’.

4. ‘ஃபார்வர்ட்’ எந்தப் பக்கம்?

குழப்பத்துக்கெல்லாம் ராஜா இதுதான். மீட்டிங்கை ‘பிராட் ஃபார்வர்ட் டு மண்டே’ என்றால் சொன்ன நாளுக்கு முன்னாடியே வெச்சுட்டாங்க. இந்தியாவுல நாம ‘ப்ரீபோன்’னு சொல்றது இதைத்தான். ‘புஷ்ட் பேக் டு ஃப்ரைடே’ என்றால் தள்ளிப்போட்டுட்டாங்க. ‘பேக்’னு இருந்தாலும் தேதி பின்னாடிதான் வரும், சீக்கிரம் வராது.

ஆனா நஷ்டத்தை ‘கேரி ஃபார்வர்ட்’ பண்ணா அது வரப்போற வருஷத்துக்குப் போகும். கணக்குப் புத்தகத்துல பக்கத்தின் அடியில ‘கேரீட் ஃபார்வர்ட்’னு எழுதின தொகைதான் அடுத்த பக்கத்தின் தலையில ‘பிராட் ஃபார்வர்ட்’னு வரும். அனுப்புற இடத்துல இருந்து பார்த்தா ‘கேரி’, வாங்குற இடத்துல இருந்து பார்த்தா ‘பிரிங்’. அதனாலதான் ரிட்டர்ன் படிவத்துல ‘பிராட் ஃபார்வர்ட் லாஸ்’னு பார்த்தா, அது போன வருஷங்கள்ல இருந்து வந்த நஷ்டம்.

மெயில்ல ‘மூவ்ட் ஃபார்வர்ட் பை டூ டேஸ்’னு மட்டும் வந்தா ஊகிக்காதீங்க. இங்கிலீஷையே தாய்மொழியா பேசுறவங்களும் இதை ரெண்டு விதமா புரிஞ்சுக்கிறாங்க. ‘சோ, இஸ் இட் ஆன் மண்டே?’ன்னு ஒரு வரி கேட்டுடுங்க.

5. இது எவ்வளவு பணம்?

2024-25-ல ஷேர் வித்து 40,000 ரூபாய் குறுகிய கால நஷ்டம்னு வைங்க. அதே வருஷ மூலதன லாபத்துல கழிக்கிறதுக்குப் பேர் ‘செட் ஆஃப்’. கழிக்க லாபம் இல்லைன்னா ‘கேரி ஃபார்வர்ட் ஃபார் 8 இயர்ஸ்’. 2025-26-ல எண்ண ஆரம்பிச்சா 2032-33 வரைக்கும் பயன்படுத்தலாம். ஆனா ஒரு நிபந்தனை: நஷ்டம் வந்த வருஷத்துக்கான ரிட்டர்னை கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும். ‘ஃபார்’ வேலை செய்யணும்னா முதல்ல ‘பை’ நிறைவேறணும்!

2025-26-ல 60,000 ரூபாய் குறுகிய கால லாபம் வந்துச்சு. உங்க மற்ற வருமானமே வரி கட்டும் அளவுல இருக்கு. பங்குச் சந்தை லாபத்துக்கு 20% வீதம் 12,000 வரி. பழைய 40,000-ஐ செட் ஆஃப் பண்ணா மீதி 20,000-க்கு 4,000 மட்டும்தான். செஸ் 4% சேர்த்தா மிச்சம் 8,320 ரூபாய். போன வருஷ ரிட்டர்னை டிசம்பர்ல தாமதமா போட்டிருந்தா இந்த மிச்சம் கிடையாது.

புது வரி முறையிலிருந்து ‘ஆப்ட் அவுட்’ பண்ணி பழைய முறைக்குப் போறதும் இப்படித்தான். சம்பளக்காரங்க வருஷா வருஷம் தேர்வு பண்ணலாம். ஆனா கெடுவுக்குள்ள போடுற ரிட்டர்ன்லதான் பழைய முறை கிடைக்கும்.

6. நீங்க மெயில் எழுதும்போது

காலச் சொல்லை கடைசியில வைங்க: ‘ஐ வில் பே ஆஃப் த லோன் பை மார்ச்’. ‘இட்’ மாதிரி குட்டிச் சொல் வந்தா அதை வினைக்கு நடுவுல போடுங்க: ‘ஐ வில் பே இட் ஆஃப் பை மார்ச்’. ‘பே ஆஃப் இட்’னு எழுதக் கூடாது.

அடுத்த தடவை தேதி உள்ள மெயில் வந்தா மூணே கேள்வி கேளுங்க:

• வேலை ஒரே தடவையில முடியுதா, நீளுதா?
• ‘பை’க்குப் பின்னாடி தேதியா, அளவா?
• தேதி சீக்கிரம் வருதா, தள்ளிப் போகுதா?

பதில் கிடைச்ச உடனே அந்தத் தேதியை போன் காலண்டர்ல ரெண்டு நாள் முன்னாடியே அலாரமா வெச்சுடுங்க. உங்க ஆபீஸ் மெயில்ல புரியாத ஒரு வரி இருந்தா, கம்பெனி பேர் இல்லாம கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல பிரிச்சுப் பார்த்துடலாம்.