நாலு வருஷப் படிப்பில் முதல் வருஷம் எதற்கு?

கேள்வி: நாங்கள் பட்டு நெசவுக் குடும்பம். என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதம் 58, இயற்பியல் 61, வேதியியல் 66. மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படுகிறான். காஞ்சிபுரத்தில் ஒரு ஏஜென்ட், இந்த மார்க்கை வைத்துக்கொண்டு இங்கே அலைவதைவிட இங்கிலாந்தில் ‘ஃபவுண்டேஷன் இயர்’ சேர்த்துவிடுங்கள், அதை முடித்தால் நேராக இன்ஜினீயரிங், மொத்தமே நாலு வருஷம்தான் என்கிறார். வீட்டை அடமானம் வைத்தால் முதல் வருஷப் பணத்தைக் கட்டிவிடலாம். என் தம்பியோ, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர்த்து, பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போகட்டும் என்கிறான். எது சரி?
— ஒரு வாசகர், மாகறல்

பதில்: ஏஜென்ட் சொன்ன நாலு வருஷக் கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதை மட்டும் அவர் உங்களுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பிள்ளைகள் பதின்மூன்று ஆண்டு பள்ளியில் படித்துவிட்டு மூன்றாண்டில் பொறியியல் இளநிலைப் பட்டம் வாங்குகிறார்கள். நம்முடையது பன்னிரண்டு, அதன்மேல் நான்கு. இரண்டையும் கூட்டினால் பதினாறுதான். பள்ளிப் படிப்பு ஓராண்டு குறைந்தவர்களுக்கும், பள்ளியில் உரிய பாடங்களையோ மதிப்பெண்ணையோ எடுக்காதவர்களுக்கும் அந்த இடைவெளியை நிரப்ப அவர்கள் வைத்திருப்பதே அடித்தள ஆண்டு. அதில் நடப்பது கணிதம், இயற்பியல், கொஞ்சம் கணினி, ஆய்வறிக்கை எழுதும் ஆங்கிலம். இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டைப் பாருங்கள்: அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், பொறியியல் வரைபடம். தமிழர் மரபு என்று ஒரு தாள்கூட உண்டு. மெக்கானிக்கல் சேர்ந்த பையன் முதல் செமஸ்டரில் மெக்கானிக்கலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதாவது, அங்கே தனியாகக் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் ஆண்டு இங்கே பட்டப்படிப்புக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மகனுக்கு விற்கப்படுவது, இங்கே சேர்ந்தாலே அவனுக்குக் கிடைத்துவிடக்கூடிய ஒன்று.

இது நமக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்தில் பி.யூ.சி. என்று கல்லூரியில் ஓராண்டு, அதற்குப் பிறகு ஐந்தாண்டுப் பி.இ. இருந்தது. அந்த ஐந்தில் முதலாண்டு பெரும்பாலும் அடிப்படை அறிவியல்தான். 1978-ல் மேல்நிலை வகுப்புகள் வந்தன, கல்லூரியில் இருந்த அடிப்படைப் பாடம் பள்ளிக்கு இறங்கியது, பி.இ. நான்காண்டாகச் சுருங்கியது. பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் ஒழுங்காக நடந்தால் இந்தச் சுருக்கத்தில் நஷ்டமில்லை. ஆனால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை எடுத்தும்விட்டார்கள். திரிகோணமிதி, எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாவற்றுக்கும் அடிப்படை பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணிதத்தில், மாணவர்கள் ‘எம்-ஒன்’ என்று சொல்லும் தாளில், அரியர் வைக்கிறவர்களை உட்கார வைத்துக் கேட்டால், கோளாறு அந்தத் தாளில் இல்லை, இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

இந்த இடத்தில்தான் உங்கள் தம்பியின் யோசனையைச் சோதிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அது அழகாகவே இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம்; இரண்டு வருஷத்தில் டிப்ளமோ; அதன்பின் பி.இ.யில் நேராக இரண்டாமாண்டு, மூன்று வருஷத்தில் பட்டம். மொத்தம் ஐந்து. ஒரே ஒரு வருஷம் கூடுதல். கையில் டிப்ளமோவும் பட்டமும். ஆனால் எதைத் தாண்டுகிறான் என்று பாருங்கள். டிப்ளமோவின் அடிப்படைக் கணிதம் முதலாண்டில் இருக்கிறது; பிளஸ் டூ படித்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் அந்த ஆண்டை விட்டுக்கொடுக்கிறார்கள். பி.இ.யின் அடிப்படைக் கணிதமும் முதலாண்டில்தான். டிப்ளமோ முடித்தவருக்குத் தெரியும் என்று அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆக, கணிதத்தில் பலவீனமான பையன் இரண்டு அடித்தளத்தையும் தாண்டி, மூன்றாம் செமஸ்டரில் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் நடக்கும் வகுப்பில் போய் உட்காருவான். ஒரு வருஷம் கூடுதலாகப் போயிருக்கும். அந்த வருஷத்தில் கணிதம் இருந்திருக்காது.

லேட்டரல் என்ட்ரியில் போய் நன்றாக வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று தம்பி கேட்பார். இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டும் பாலிடெக்னிக்கில் இருந்தவனுக்குப் பட்டறையும் இயந்திர வரைபடமும் கைவந்த கலை. வகுப்பில் மற்றவர்கள் லேத்தை வேடிக்கை பார்க்கும்போது இவன் ஓட்டிக் காட்டுவான். முழுப் பாதையும் நடந்தவனுக்கு அந்தப் பலம் கிடைக்கிறது. குறுக்கே ஏறுகிறவனுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். கணிதம் மட்டும் முழுதாக விட்டுப்போகும்.

இங்கிலாந்துக்காரர்கள் அந்த ஒரு வருஷத்தை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்களே, அது பையனுக்கு நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மதிப்பெண் குறைந்த மாணவனை ஓராண்டு கவனித்து வளர்ப்பது நல்ல கல்வி முறைதான். ஆனால் அந்த ஊர் அரசே 2025-26 முதல், வகுப்பறையில் மட்டும் நடத்தும் அடித்தள ஆண்டுகளுக்கு உள்நாட்டு மாணவரிடம் 5,760 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வைக்க நேர்ந்தது. கொடுக்கும் பாடத்துக்கு விலை அதிகம் என்ற முணுமுணுப்பு அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். பொறியியல் அந்தக் குறைந்த வரம்புக்குள் வராது. வெளிநாட்டு மாணவருக்கு எந்த வரம்பும் கிடையாது. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது முதலாண்டுக் கட்டணம் மட்டுமே பல லட்சம். விசாவுக்கு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாகக் காட்ட வேண்டும். ‘நேராக இன்ஜினீயரிங்’ என்பதும் முழு உண்மையில்லை: அடித்தள ஆண்டில் அவர்கள் கேட்கும் மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த ஆண்டு. எடுக்காவிட்டால் கையில் பட்டமும் இல்லை, டிப்ளமோவும் இல்லை. அடமானம் மட்டும் இருக்கும். வசதியுள்ள குடும்பத்துக்கு இது ஒரு செலவு. தறியை நம்பி வாழும் வீட்டுக்கு இது சூதாட்டம்.

அடித்தள ஆண்டு என்ற எண்ணமே தவறு என்று நான் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம். அதைச் சரியாகச் செய்கிற இடம் நம் நாட்டிலேயே உண்டு. ஐ.ஐ.டி.களில் பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான இடங்கள் நிரம்பாதபோது, தரவரிசைக்குச் சற்றுக் கீழே நின்றவர்களை எடுத்து ஓராண்டு ஆயத்த வகுப்பு நடத்துகிறார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம். தேறினால் மறுபடி ஜே.இ.இ. எழுதாமல் பி.டெக். முதலாண்டில் இடம். நடத்துவது படிக்கப்போகும் நிறுவனமே. முதலாண்டுப் பாடத்தைத் தாண்டவைப்பதில்லை, அதற்கு முன்னால் ஓராண்டைச் சேர்க்கிறார்கள். 2021-ல் நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த தமிழ்நாடு அரசு, உள்ளே வந்தவர்களுக்கு இப்படியொரு ஆண்டை அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளிலாவது நடத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏ.ஐ.சி.டி.இ. சொல்லும் மூன்று வார அறிமுகப் பயிற்சி எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. பிளஸ் ஒன் கணிதத்தை மூன்று வாரத்தில் யாரும் மீட்டதில்லை. தனியாக ஓராண்டு வைத்தால் மக்குப் பிள்ளைகள் வகுப்பு என்று பெயர் வந்துவிடும் என்பார்கள். முதலாண்டில் நாலு அரியர் வைத்துவிட்டு நாலாண்டும் அதைச் சுமக்கிறவனுக்கு வகுப்பில் என்ன பெயர் என்று கேட்டுப் பார்க்கட்டும். ஓராண்டுச் சம்பாத்தியம் போகிறதே என்ற எதிர்ப்பில்தான் நியாயம் இருக்கிறது. அதற்கு உதவித்தொகைதான் பதில்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக எடுத்தால் மகனின் கட்-ஆஃப் 121.5. பிற்படுத்தப்பட்டோருக்குத் தகுதி மதிப்பெண் 40 விழுக்காடு, பொதுப்பிரிவுக்கே 45 தான்; எப்படிப் பார்த்தாலும் அவன் கலந்தாய்வுக்குத் தகுதியானவன். ஏஜென்ட் சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் இதுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 ஒதுக்கீட்டில் அவனுக்கு உரிமை உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்க எப்படியும் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகும். அதுவரை பிளஸ் ஒன் கணிதத்தின் இரண்டு தொகுதிகளையும் முதலிலிருந்து போடச் சொல்லுங்கள். திரிகோணமிதியையும் நுண்கணித அத்தியாயங்களையும் ஒரு கணக்கு விடாமல். பழைய ஆசிரியர் யாராவது வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். வகையிடலும் தொகையிடலும் புத்தகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டால் பி.இ. முதலாண்டில் துணிந்து சேருங்கள். எம்-ஒன் அவனைத் தள்ளாது. உழைத்தும் வரவில்லை என்றால் தம்பி சொன்ன பாலிடெக்னிக்கே நல்லது. ஆனால் இரண்டாமாண்டில் இடம் இருக்கிறது என்று கூப்பிட்டாலும் வேண்டாம், முதலாண்டிலேயே சேருங்கள். பி.இ. வரை போனால் மொத்தம் ஆறு வருஷம் ஆகும். மூன்றாம் வருஷ முடிவில் வேலைக்குப் போகத் தகுதியான ஒரு டிப்ளமோ கையில் இருக்கும். மேலே படிப்பதா வேண்டாமா என்பதை அப்போது அவனே முடிவு செய்யலாம்.