பழைய கணினிக்கு இலவச இயங்குதளம்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

நமது வியாபாரிகள் பலரின் வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது. பகலில் பிள்ளைகள் பாடத்துக்குப் பாவிக்கிறார்கள். இரவில் கடை மூடிய பின்னர் அன்றைய விற்பனையும் கடன் பாக்கியும் அதில்தான் பதியப்படுகின்றன. அதிலுள்ள வின்டோஸ் இயங்குதளமோ பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கியதல்ல. கணினி திருத்த வந்தவர் போட்டுவிட்டுப் போனது. தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் மனம் பொறுக்காத வியாபாரிகூட இதைப் பெரிதாக எடுப்பதில்லை.

இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. முதலாவது சட்டம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருள்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்துகொண்டே அதை வியாபார இலாபத்துக்குப் பாவிப்பது குற்றமாகும். இரண்டாவது, பூட்டை உடைத்துக் கொடுக்கும் 'கிராக்' புரோகிராம்களோடு வைரஸ்களும் வந்து சேர்கின்றன. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் ஒன்று நுழைந்தால், யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கே கையை விட்டுப் போய்விடும்.

விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் ஒரு பிரச்சினை உண்டு. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. அப்படியானால் புதுக் கணினிதான் வாங்க வேண்டுமா? அவசியமில்லை. லினக்ஸ் என்ற மாற்று வழி இருக்கிறது.

1991இல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை இது. இதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி செய்து பிறருக்குக் கொடுக்கலாம். அனுமதிப் பத்திரமே அந்த உரிமையைத் தருகிறது. நம் கையிலுள்ள அன்ட்ராய்ட் தொலைபேசிக்கும் லினக்ஸ்தான் அடித்தளம்.

"இலவசமாகக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன இலாபம்?" என்று வியாபாரிகள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பொருள் இலவசம், சேவைக்குக் கட்டணம் என்பதே பதில். இந்த முறையில் வளர்ந்த ரெட் ஹட் என்ற கம்பனியை ஐபிஎம் 2019இல் சுமார் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. பெரிய நிறுவனங்கள் சேவைக்குப் பணம் செலுத்துகின்றன. வீட்டில் பாவிக்கும் நாம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். என் வீட்டுக் கணினியிலும் அதுதான் இருக்கிறது. வின்டோஸ் பழகியவருக்கு இதன் திரை அந்நியமாகத் தெரியாது. 4 ஜீபீ ரெம் இருந்தால் நன்றாக ஓடும். கடிதமும் கணக்கும் செய்ய லிப்ரே ஒபிஸ், இணையத்துக்கு பயர்பொக்ஸ் ஆகியன கூடவே வருகின்றன. எக்செல் கோப்புகளையும் லிப்ரே ஒபிஸில் திறக்கலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வின்டோஸுக்கென்று எழுதப்பட்ட பில் போடும் மென்பொருள்கள் பல இதில் ஓடமாட்டா. எக்செலில் மெக்ரோ வைத்துக் கணக்குச் செய்பவர்களுக்குச் சிக்கல் வரலாம். சில பிரின்டர்கள் ஒத்துழைக்காது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கோப்புகள் புரியாத எழுத்துகளாகத் தோன்றும். பாமினியை லினக்ஸிலும் நிறுவிவிட்டால் அவை சரியாகத் தெரியும்.

ஆகவே அவசரப்படாமல் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. கணக்குகள், படங்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

2. லினக்ஸ் மின்டை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து இறக்கி, ரூபஸ் போன்ற இலவசப் புரோகிராம் ஒன்றால் 8 ஜீபீ பென் டிரைவில் ஏற்றுங்கள். அதிலிருந்த பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதால் வெறும் பென் டிரைவையே எடுங்கள்.

3. பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்குங்கள். நிறுவும்படி நீங்கள் கட்டளையிடாதவரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அப்படியே இருக்கும். பிரின்டர், வைபை, வங்கியின் இணையத்தளம், உங்கள் கணக்குக் கோப்பு ஆகிய நான்கையும் சோதியுங்கள்.

4. திருப்தி என்றால் வின்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுங்கள். கணினி தொடங்கும்போது எது வேண்டும் என்று தெரிவு செய்யலாம். ஆனால் முன்பிருந்தது திருட்டுப் பிரதியானால், வேலை பழகியதும் அதை அகற்றிவிடுங்கள்.

5. ஒரு மாதக் கணக்கை வீட்டில் லினக்ஸில் செய்யுங்கள். அந்த மாதம் முழுவதும் கடைக் கணினியில் கைவைக்காதீர்கள். மாத முடிவில் இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் கடைக்கும் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கலாம். கடையின் பில் மென்பொருள் ஓடாவிட்டால் கடைக்கு வின்டோஸை முறையாக விலை கொடுத்து வாங்குங்கள். வீட்டுக்கு லினக்ஸ் போதும்.

புதிய சரக்கொன்றை முதல் நாளே லொறிக் கணக்கில் இறக்குபவர் நம்மில் யாருமில்லை. கொஞ்சம் எடுத்து, விற்றுப் பார்த்துத்தான் அடுத்த ஓடரைக் கொடுக்கிறோம். இதையும் அப்படியே செய்யுங்கள்.