வீட்டுக் காவலுக்கு எந்த சென்சர்? ஊவா மலையகத்துக்கு ஒரு வழிகாட்டி

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. மகன் கொழும்பில், மகள் குவைத்தில், வீட்டில் இருக்கும் தாய் தகப்பனும் கிளினிக்குக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போய்விட்டால் காவலுக்கு இருப்பது ஒரு பூட்டு மட்டும். அலாரம் ஒன்று பொருத்துவோம் என்று கடைக்குப் போனால் மூன்று வகையைக் காட்டுவார்கள்: வயர் இழுப்பது, வயரில்லாத ஒருவழி, வயரில்லாத இருவழி. மூன்றிலும் இருவழிக்குத்தான் விலை அதிகம். விலை கூடியதே நல்லது என்ற கணக்கு இங்கே சரிவராது. இரவு பகலாக ஆளிருக்கும் வீட்டுக்கு அது வீண் செலவாகலாம். ஆளில்லாத வீட்டுக்கு அதுவே முதல் தேவை.

மூன்றும் வேலை செய்யும் விதம்

வயர் முறையில் கதவுக் காந்தம், அசைவை உணரும் சென்சர் எல்லாம் மெல்லிய நான்கு இழை வயரால் பேனலோடு, அதாவது அலாரத்தின் மூளையான பெட்டியோடு, இணைந்திருக்கும். வயரை வெட்டினால் பேனலுக்கு உடனே தெரியும். சென்சருக்குள் பற்றரி மாற்றும் வேலையும் இல்லை.

ஒருவழி சென்சர், தேயிலை மலையில் நின்று எதிர்மலையில் கொழுந்தெடுப்பவரைக் கூப்பிடுவது போன்றது. கூப்பிடலாம், கேட்டதா இல்லையா என்று தெரியாது. கதவு திறந்தவுடன் அதே செய்தியைச் சில தடவை அனுப்பிவிட்டு அது அடங்கிவிடும். மலிவானவை பெரும்பாலும் 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை.

இருவழி சென்சர் செய்தி அனுப்பியதும் ஒரு கணம் செவிகொடுக்கும். பேனல் "கிடைத்தது" என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். பேனலும் தன் பக்கத்திலிருந்து சென்சருக்குக் கட்டளை இடலாம்.

ஒருவழியின் குறை எங்கே?

முதற் குறை, சென்சர் உயிரோடு இருக்கிறதா என்பது. சுமாரான ஒருவழி சென்சர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலான இடைவெளியில் "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். மிக மலிவானவை அதையும் அனுப்பாது. பற்றரி செத்துப் பல நாளானாலும் பேனல் "எல்லாம் சரி" என்றே காட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் ஆளிருந்தால் கதவைத் திறக்கும்போது சத்தம் வரவில்லை என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். குவைத்திலிருந்து போனில் பார்ப்பவருக்கு அந்த வழி கிடையாது.

இரண்டாவது, குறியீடு. மலிவான சென்சர்களில் பரவலாக உள்ள ஈவி1527 சிப்பில் 20 பிட் எண் ஒன்று பதிந்திருக்கும். மொத்தம் 1,048,576 எண்கள். ஆனால் ஒவ்வொரு சென்சரும் தன் எண்ணை ஒருநாளும் மாற்றுவதில்லை. காற்றில் போகும் அந்த எண்ணைப் பதிவு செய்து திருப்பி அனுப்பலாம். கதவு சென்சரைப் போலி செய்து திருடனுக்கு லாபமில்லை. அலாரத்தை நிறுத்தும் ரிமோட்டைப் போலி செய்தால் வீடு அவன் கையில். ஒருவழி முறையை வாங்குபவர் ரிமோட்டை மேசை லாச்சியில் வைத்துவிட்டு, பேனலின் எண் பலகையில் இரகசிய எண்ணை அழுத்திப் பழகுவது நல்லது.

இருவழியின் கூடுதல் பணம் எதற்கு?

இருவழித் தொழில்நுட்பத்தில் அறியப்பட்ட பெயர்கள் சில உண்டு. டிஎஸ்சி பேனல்கள் பயன்படுத்தும் பவர்ஜி 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கத்தில் பேசும். அலைவரிசையை நொடிக்குள் பல தடவை மாற்றிக்கொள்ளும். பேனல் பக்கத்தில் இருந்தால் சென்சர் தன் குரலைத் தானே தாழ்த்தும். செவிகொடுப்பதால் பற்றரி சீக்கிரம் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் முழுப் பலத்தில் கத்தும் ஒருவழியைவிட, அளந்து பேசும் இருவழியின் பற்றரி குறைந்துபோக வேண்டியதில்லை. அஜாக்ஸ் நிறுவனத்தின் ஜுவலர் முறையில் சென்சரும் பேனலும் 12 முதல் 300 விநாடிக்கு ஒரு தடவை நலம் விசாரித்துக்கொள்ளும். அந்த இடைவெளியை நாமே தீர்மானிக்கலாம். ஒரு சென்சர் மௌனமானால் சில நிமிடங்களில் போனுக்குத் தகவல் வந்துவிடும்.

அடுத்தது, ஏணி எடுக்கும் வேலை குறையும். சென்சரின் கூர்மையைக் கூட்டுவது குறைப்பது, சோதனை விளக்கை அணைப்பது எல்லாம் பேனலிலோ போனிலோ முடியும். ஒருவழி சென்சரில் ஒவ்வொன்றையும் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன ஊசியை மாற்ற வேண்டும்.

மூன்றாவது நன்மையைக் கடைக்காரர்கள் குறைவாகச் சொல்வார்கள். மலையகத்துக்கு அதுதான் பெரிது. பேனல் பேசக் கேட்கும் சென்சரைச் சத்தம் போடவும் சொல்லலாம். லயத்தில் ஒரு காம்பராவில் மின்கசிவால் புகை கிளம்பினால், கடைசிக் காம்பராவில் தூங்குபவரின் தலைமாட்டுப் புகை சென்சரும் சேர்ந்து அலறும். எல்லாக் குடும்பங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வரிசையில் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. திருடனைவிட இதற்காகவே இருவழிக்குச் செலவழிக்கலாம்.

தகரமும் கருங்கல்லும் மூடுபனியும்

பெட்டியில் "2,000 மீற்றர் வரை" என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. மலை வீட்டில் அலைக்கு மூன்று தடைகள். தகரக் கூரை அலையைத் திருப்பி அடிக்கும். கூரையை ஒட்டிப் பேனலை மாட்டக் கூடாது. பழைய துரை பங்களாக்களின் தடித்த கருங்கற் சுவர் ஒன்றைத் தாண்டும்போதே பலம் பெரிதும் குறையும். மூன்றாவது ஈரம்: நனைந்த சுவரும் நனைந்த இலைகளும் அலையை விழுங்கும். அலைவரிசை உயர உயர இந்த இழப்பும் கூடும். அதனால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் நேராக இணையும் சென்சரைவிட 433, 868 மெகாஹேர்ட்ஸ் சென்சர்கள் தூரத்தில் உள்ள மாட்டுப் பட்டிக்கோ வெளிச் சமையலறைக்கோ பொருத்தம்.

இங்குள்ள காலநிலைக்கு வேறு சில குணங்களும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே வரண்ட காற்று, ஜன்னலை இரவெல்லாம் ஆட்டும். அதிர்வு சென்சர் அப்போது பொய்யாகக் கத்தும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதுளைக்கு மழைக்காலம். பலகைக் கதவு உப்பிச் சட்டத்தை விட்டு விலகும், காந்தத்துக்கும் சென்சருக்கும் இடைவெளி மாறும். இரும்புக் கதவானால் காந்தத்தின் பலத்தையே இரும்பு குறைத்துவிடும். அதற்கென்று உள்ள பெரிய காந்தத்தையும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டையும் கேட்டு வாங்குங்கள். விறகடுப்பை நோக்கி அசைவு சென்சரை வைத்தால் சூடு ஏறி இறங்குவதை ஆளென்று எண்ணும். பல்லியும் சிலந்தியும் கண்ணாடிக்குள் குடியேறாமல் வயர் துவாரங்களை அடைத்துவிடுங்கள்.

இடியும் இருட்டும்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நமக்குப் பழகியது. வீடு முழுக்க நீண்டோடும் வயர், மின்னல் தூண்டும் மின்னோட்டத்தைப் பேனலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வயரில்லாத சென்சர்களுக்கு அந்தப் பயம் குறைவு. பேனலை மெயின் மின்சாரத்தோடு இணைக்கும் இடத்தில் மட்டும் மின்னெழுச்சித் தடுப்பி போட்டால் போதும்.

கரண்ட் போனால் என்ன? 2022 மார்ச் 31இல் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு அமுலானது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டது. பேனலில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி இருந்து அது 200 மில்லிஆம்பியர் எடுத்தால் கணக்கில் 35 மணி நேரம். பழைய பற்றரியில் அதில் பாதி என்று வையுங்கள். வைஃபை ரவுட்டருக்குத் தனிப் பற்றரி இல்லையென்றால் கரண்ட் போன நிமிடமே உங்கள் அலாரம் ஊமை. பேனலுக்குள்ளேயே சிம் போடும் வசதி இருக்க வேண்டும். அந்தச் சிம்முக்கு உங்கள் தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எடுக்கிறது என்று, பேனல் வைக்கும் அதே மூலையில் போனை வைத்துப் பாருங்கள். இஸ்தோப்பில் மூன்று கோடு காட்டும் போன் உள்ளறையில் ஒன்றும் காட்டாது.

எந்த வீட்டுக்கு எது?

*கட்டிக்கொண்டிருக்கும் வீடு:* பூச்சுப் பூசுவதற்கு முன் வயர் இழுத்துவிடுங்கள். 7 பேர்ச் காணியில் எழும் 550 சதுர அடி வீட்டுக்கு இதுவே மலிவு, நம்பகமானது. புகை சென்சரை மட்டும் இருவழியாகச் சேர்க்கலாம். இரண்டையும் ஏற்கும் பேனல்கள் உண்டு.

*எப்போதும் ஆளிருக்கும் லயக் காம்பரா:* பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கதவுக்கு ஒரு ஒருவழிக் காந்தமும் சைரனும் போதும். மிச்சப் பணத்தில் வரிசைக்குள் ஒன்றோடொன்று இணையும் புகை சென்சர்களை நாலு குடும்பம் சேர்ந்து வாங்குவது புத்தி. விறகடுப்புள்ள சமையலறைக்குப் புகை சென்சர் வேண்டாம். 57 பாகை செல்சியஸ் அளவில் கத்தும் வெப்ப சென்சர் போடுங்கள். கேஸ் சென்சர் வைத்தால் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கீழேதான் தேங்கும்.

*மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் வீடு:* தயங்காமல் இருவழி. கதவுகளோடு நடு அறைக்கு ஓர் அசைவு சென்சரும் அவசியம். தகரத்தைக் கழற்றி இறங்குபவனைக் கதவுக் காந்தம் காணாது.

*பழைய பங்களா, தோட்டக் கோயில், கடை:* கருங்கல்லை உடைத்து வயர் இழுப்பதைவிட இருவழியும் ஓர் அலைபெருக்கியும். கோயிலில் உண்டியல் இருக்கும் இடத்துக்கே சென்சரை வையுங்கள். வாசற்கதவு திறந்தேதான் கிடக்கும்.

பொருத்தும் முறை

பேனலை வீட்டின் நடுவில், இரும்பு அலுமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். வாசலிலிருந்து கண்ணில் படக் கூடாது. சென்சர்களை ஒவ்வொன்றாகப் பேனலில் பதிந்து "முன்கதவு", "குசினி" என்று இடப்பெயர் கொடுங்கள். நடு இரவில் போனில் "வலயம் 3" என்று வந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

உடனே துளை போட வேண்டாம். இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி, கதவெல்லாம் மூடிய நிலையில் சிக்னல் பலத்தைப் பாருங்கள். இருவழி முறையில் சென்சர் இருக்கும் இடத்தில் நின்றபடியே அந்தப் பலத்தைப் பார்க்கலாம். நல்ல மழை நாளில் மறுபடி பார்த்து, அப்போதும் தாங்கினால் ஆணி அடியுங்கள். பலவீனமாக இருந்தால் சென்சரை ஓரடி நகர்த்திப் பாருங்கள். 433 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 69 சென்ரிமீற்றர். அரையடி நகர்ந்தாலும் பலம் மாறும்.

சைரனை உள்ளே மாட்டினால் தகரத்தில் கொட்டும் மழையில் அயலாருக்குக் கேட்காது. தாழ்வாரத்துக்கு அடியில், அடுத்த வீட்டைப் பார்க்க வையுங்கள். கடைசியாக ஒரு வேலை: ஒரு சென்சரின் பற்றரியைக் கழற்றி, பேனல் எத்தனை நிமிடத்தில் முறைப்பாடு சொல்கிறது என்று பாருங்கள். இருவழி என்று விற்றதற்கு இது ஒரு நல்ல பரீட்சை.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

- பேனல், சென்சர் இரண்டும் இருவழியா? சில பேனல்களை இருவழி சைரனோடும் ஒருவழி சென்சரோடும் விற்பார்கள்.
- இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பொருளா? வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டுவரும் சென்சர் வேறு அலைவரிசையில் இருந்தால் இங்குள்ள பேனலோடு பேசாது.
- சென்சருக்கு எந்தப் பற்றரி? சிஆர்123ஏ வகை பதுளைக் கடைவீதியில் கிடைக்கிறதா, விலை என்ன?
- மாதக் கட்டணம் உண்டா? கட்டாவிட்டால் எது நிற்கும்?
- பழுதானால் பசறைக்கோ லுணுகலைக்கோ ஆள் வருவாரா, பேனலைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?

அலாரம் செய்யாத வேலை

எந்த வீட்டு சென்சரும் மண்சரிவை முன்கூட்டிச் சொல்லாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்டதையும் அறிந்தவர்கள் இதில் குழம்பக் கூடாது. மலைக்கான எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் விடுக்கிறது. சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியேறுவதுதான் காவல். விவரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸுக்கு 119. இரண்டையும் பேனலுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வெளியேறும்போது அலாரத்தைப் போட்டுவிட்டுப் போகலாம். வெறுமையான வீட்டை இருவழி சென்சர் போன் வழியே காட்டும், பேனலின் பற்றரி இருக்கும்வரை. அதற்குப் பிறகு அயலார் கண்தான். ஆகவே அலாரத் தகவல் போகும் பட்டியலில் முதற்பெயர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடிய ஒருவரின் இலக்கத்தை, அவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் போடுங்கள்.